கன்னியர் மடத்தில் மாறுவதும் மாறாததும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கோலியனூர்)

பெற்றோர் கூட்டத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் வருகின்ற பெரியவர்கள் பள்ளி வாயிலில் நின்று பேசிக்கொள்வதை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். "அந்தக் காலத்துக் கன்னியம்மாக்களைப் போல இந்தக் காலத்தில் யாரும் இல்லை" என்பதே அவர்கள் பேச்சின் பல்லவி. ஒரு சிஸ்டர் ஸ்கூட்டர் ஓட்டுகிறார். இன்னொருவர் கையில் கைப்பேசி இருக்கிறது. வேறொருவர் அங்கியை விட்டுச் சேலை கட்டுகிறார். ஒருவர் சட்டம் படிக்கச் சென்னைக்கே போய்விட்டார் என்று குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். நம் வகுப்பறைக்குள் வந்தால் குறை தலைகீழாக மாறிவிடும். "சிஸ்டர்கள் இன்னும் எந்தக் காலத்தில் இருக்கிறார்கள்? ரிப்பன் நிறத்துக்கும் சடை நீளத்துக்கும் இவ்வளவு கண்டிப்பா?" என்று நாம் முணுமுணுக்கிறோம். ஆக, ஒரே சிஸ்டர் பாட்டியின் கண்ணுக்குப் புதுமைக்காரி. பேத்தியின் கண்ணுக்குப் பழமைவாதி. பாவம், அவர் யார் சொல்வதைத்தான் கேட்பார்?

அன்புத் தோழியரே, பெற்றோரே, எங்கள் மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே! பழமை வேண்டுமா, புதுமை வேண்டுமா என்று பட்டிமன்றம் நடத்துவது என் நோக்கமன்று. துறவற வாழ்வில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று அளந்து பார்க்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் வரலாற்றிலேயே கிடைக்கிறது என்பது என் எண்ணம். ஒரு மாற்றம், அல்லது ஒரு பழக்கம், கன்னியரை அவர்கள் யாருக்காக வந்தார்களோ அந்த ஏழை எளியவர்களின் அருகில் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா, அல்லது விலக்கி வைக்கிறதா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். பழமையையும் இதே கோலால் அளக்க வேண்டும். புதுமையையும் இதே கோலால் அளக்க வேண்டும்.

முதலில் நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். கோலியனூரிலிருந்து கிழக்கே வளவனூர், கண்டமங்கலம் வழியாகப் போகும் சாலை புதுச்சேரியில் போய்ச் சேருகிறது. இந்த வட்டாரத்தில் கன்னியர் நடத்திய பெண்கல்வியின் வரலாற்றைத் தேடிப் போனாலும் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும். 1827-ஆம் ஆண்டில் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் பிரான்சிலிருந்து கப்பலேறி அங்கே வந்தார்கள். 1844-இல் ஆயர் பொன்னான் ஆண்டகை கூட்டிய புதுச்சேரி மாமன்றம், கல்வியை மறைப்பணியின் முக்கிய வேலைகளுள் ஒன்றாக முன்வைத்தது. அதே ஆண்டு அக்டோபர் திங்களில், துய்ப்புய் அடிகளார் தமிழ்ப் பெண்களையே கொண்டு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். அதுவே இன்று மரியின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சபை என்று வழங்குகிறது. தமிழ்ப் பெண் குழந்தைகளுக்கு எழுத்தறிவு ஊட்டுவதே அச்சபையின் முதல் வேலையாக இருந்தது.

1844 என்றால் எப்படிப்பட்ட காலம் என்று சற்று எண்ணிப் பாருங்கள். குடும்பப் பெண் ஏடு தூக்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய காலம். ஆடலும் பாடலும் கற்ற கோயில் நாட்டியப் பெண்களுக்குத்தான் எழுத்து தெரியும். ஆகையால் எழுத்துப் படிப்பதே பெண்ணுக்கு இழிவு என்று பேசிய காலம். அந்தக் காலத்தில், திருமணம் வேண்டாம், படிக்கிறேன், படிப்புச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று சில தமிழ்ப் பெண்கள் வெளியே வந்தார்கள். அன்று அவர்கள் தெருவில் நடந்து போனபோது, "அந்தக் காலத்துப் பெண்களைப் போல இந்தக் காலத்தில் இல்லையே" என்று திண்ணையில் இருந்தவர்கள் பேசாமலா இருந்திருப்பார்கள்? இன்று நாம் 'பழைய மரபு' என்று கும்பிடுகிற கன்னியர் வாழ்வு, பிறந்த அன்று ஊரே வாயில் விரலை வைத்த புதுமை. இதை மறந்துவிட்டு மரபைப் பற்றிப் பேசுவது, விதையை மறந்துவிட்டு மரத்தைப் பற்றிப் பேசுவது போலாகும்.

அடுத்தது உடை. "ஆள் பாதி, ஆடை பாதி" என்பது பழமொழி. கன்னியரைப் பொறுத்தவரை நம் மக்கள் ஆடைக்கே முக்கால் பங்கு கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆடை எங்கிருந்து வந்தது? புனித வின்சென்ட் தே பவுலும் புனித லூயிசாவும் 1633-இல் பிரான்சில் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபையை எடுத்துக்கொள்வோம். அச்சகோதரிகள் மடத்துச் சுவருக்குள் அடைந்து கிடக்காமல், தெருக்களிலும் நோயாளிகளின் வீடுகளிலும் வேலை செய்ய வேண்டும் என்பது வின்சென்டின் ஆசை. ஆகவே அவர்கள் அந்தப் பகுதிக் குடியானவப் பெண்களின் உடையையே உடுத்தினார்கள். தலையில் அணிந்த வெள்ளைத் துணியும் கிராமத்துப் பெண்கள் அணிந்ததுதான். காலம் போகப் போகக் கிராமத்துப் பெண்கள் வேறு உடைக்கு மாறிவிட்டார்கள். சகோதரிகளின் தலைத்துணி மட்டும் நின்றது. நின்றதோடு நில்லாமல், கஞ்சி போட்டுப் போட்டு இரு பக்கமும் பறவையின் சிறகுபோல அகன்று விரிந்தது. ஏழையோடு ஏழையாகக் கலந்திருக்க அணிந்த துணி, முந்நூறு ஆண்டுகளில் ஏழைகள் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கும் துணியாகிவிட்டது! 1964 செப்டம்பரில் அச்சபையார் அதைக் களைந்து எளிய முக்காட்டை ஏற்றார்கள். அன்று அவர்கள் மரபை விட்டார்களா, மரபுக்குத் திரும்பினார்களா? திரும்பினார்கள் என்றே நான் சொல்வேன்.

1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் இதையே எல்லாச் சபைகளுக்கும் எடுத்துச் சொன்னது. 1965 அக்டோபர் 28-ஆம் நாள் வெளியான துறவற வாழ்வு பற்றிய ஏட்டில் இரண்டு கட்டளைகள் ஒன்றாகப் பின்னப்பட்டிருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு சபையும் தன்னைத் தோற்றுவித்தவரின் தொடக்க உள்ளத்துக்குத் திரும்ப வேண்டும். மற்றொன்று, மாறிவிட்ட காலத்துக்கு ஏற்பத் தன்னைச் செம்மைப்படுத்திக்கொள்ள வேண்டும். உடை எளிமையாகவும், அடக்கமாகவும், உடல்நலத்துக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் வேலைக்கும் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும் என்றும் அது கூறியது. அதற்குப் பிறகுதான் நம் நாட்டில் பல சபைகள் சேலைக்கு மாறின. சித்திரை வெயிலில் கழுத்தை இறுக்கும் கஞ்சித் துணியோடு திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால், இந்த மாற்றத்தின் நியாயம் எந்தப் பெரியவருக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

சேலையைப் பொதுச்சங்கம் சொல்வதற்கு முன்பே எடுத்தவர் அன்னை தெரேசா. லொரேட்டோ சபையின் அங்கியைக் களைந்து, 1948-இல் நீலக்கரையிட்ட மலிவான வெள்ளைப் பருத்திச் சேலையை அவர் உடுத்தினார். 1946 செப்டம்பர் 10-ஆம் நாள் டார்ஜிலிங் போகும் ரயிலில் தமக்கு அழைப்பு வந்ததாக உணர்ந்தவர், மறுநாளே மடத்தை விட்டு ஓடிவிடவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அனுமதிக்காகக் காத்திருந்தார். விடாமல் கேட்டார், கிடைத்த பிறகே வெளியே வந்தார். கீழ்ப்படிதலும் புதுமையும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று புதுமையாக இருந்த அந்தச் சேலை, இன்று அச்சபையின் மாற்ற முடியாத மரபாகிவிட்டது! புதுமைக்கும் வயது ஏறத்தான் செய்கிறது.

உடையை விடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அதைப் படித்தபோதுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை திருச்சபையின் ஒழுங்கு, கன்னியர் மருத்துவராகத் தொழில் செய்வதைத் தடுத்து வைத்திருந்தது. பிரசவம் பார்ப்பது கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குத் தகாது என்றும் கருதப்பட்டது. ஆண்டாண்டு காலமாக வந்த கட்டுப்பாடு அது. நல்லெண்ணத்தோடுதான் வைத்தார்கள். ஆனால் அதன் விளைவு என்ன? நம் நாட்டில் ஆண் மருத்துவர் முகத்தைப் பார்க்கவும் கூசிய தாய்மார்கள் ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள். பெண் மருத்துவரோ கிடைப்பதில்லை. பிள்ளைப்பேற்றில் தாயும் சேயும் இறந்தார்கள். பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்க்க வேண்டும். அதற்கு வாழ்நாள் முழுவதையும் கொடுக்கக்கூடிய கன்னியர் முன்வர வேண்டும். ஆனால் ஒழுங்கு குறுக்கே நின்றது.

இந்தக் கதவைத் தட்டியவர்கள் பெண்கள். ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன் வயதான காலத்தில் ரோமாபுரிக்குப் பலமுறை பயணம் செய்து, கன்னியர் மருத்துவம் படிக்க அனுமதி வேண்டினார். 1913-இல் அவர் கண்மூடும் வரை அது கிடைக்கவில்லை. அவரைப் பற்றிய ஒரு சிறு வெளியீட்டைப் படித்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, மெல்போர்ன் நகரில் தமக்கிருந்த நல்ல தொழிலை விட்டுவிட்டு 1920-இல் குண்டூருக்கு வந்தார். அங்கே கன்னியர் சபையில் சேர்ந்தார். பாப்பரசர் 15-ஆம் ஆசீர்வாதப்பர் அவருக்குத் தனிப்பட்ட முறையில் அனுமதி கொடுத்ததால், கன்னியாகவே இருந்து மருத்துவம் செய்தார். பின்னர் 1943-இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. ஆஸ்திரிய நாட்டு அன்னா டெங்கல், ராவல்பிண்டியில் தாய்மார்கள் படும் பாட்டை நேரில் கண்டவர். 1925-இல் அவர் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கியபோதும் பழைய தடை அப்படியே இருந்தது. ஆகையால் அவர்கள் முறைப்படியான வார்த்தைப்பாடு கொடுக்காமலே பதினோரு ஆண்டுகள் வேலை செய்து காத்திருந்தார்கள். 1936 பிப்ரவரியில் ரோமாபுரி தடையை நீக்கியது. கன்னியர் பிரசவமும் பார்க்கலாம் என்று ஆணை வந்தது.

இப்போது பெரியவர்களிடம் பணிவோடு ஒன்று கேட்கிறேன். நம் தாய்மார்களிலும் பாட்டிமார்களிலும் எத்தனை பேர் கன்னியர் நடத்தும் மருத்துவமனைகளில் பிள்ளை பெற்றிருப்பார்கள்? அங்கே பிரசவ அறையில் நின்ற சிஸ்டரைப் பார்த்து, "இது மரபுக்கு ஒவ்வாது, வெளியே போங்கள்" என்று யாரேனும் சொன்னதுண்டா? கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். பழைய தடை கன்னியரைத் தாய்மாரிடமிருந்து விலக்கி வைத்தது; புதிய அனுமதி அவர்களை அருகே கொண்டுவந்தது. அளவுகோல் இங்கே தெளிவாகப் பேசுகிறது. ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்கலாமா என்று ஆண்டவரைக் கேட்டவர்களுக்கும் இதே விடைதான் கிடைத்தது.

ஆனால் இதே கோலை மறுபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். புதுமை என்று பெயர் சொல்லி வருவதெல்லாம் நன்மையாகிவிடாது. கல்வித் துறையில் புதுமை என்றால் இன்று நமக்குத் தோன்றுவது என்ன? ஆங்கில வழி வகுப்பு, கணினி அறை, பளபளக்கும் கட்டடம், பள்ளிப் பேருந்து. இவை யாவும் நல்லவையே. ஆனால் இவற்றுக்கெல்லாம் கட்டணம் உண்டு. விழுப்புரம், திண்டிவனம் சுற்றுப்புறத்தில் கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போகிற குடும்பங்கள் எத்தனையோ. அந்த வீட்டுப் பெண், கட்டணத்தைக் கேட்டுவிட்டுக் கான்வென்ட் வாயிலிலிருந்து திரும்பிப் போனால், அந்தப் புதுமை கன்னியரைத் தங்கள் தொடக்கத்திலிருந்து எத்தனை கல் தூரம் தள்ளி வைத்துவிட்டது! 1844-இல் பள்ளிக்கூடம் திறந்தது, வேறு எங்கும் எழுத்துப் படிக்க இயலாத பெண்ணுக்காக அல்லவா? இன்று அந்தப் பெண் யார்? அவள் எங்கே இருக்கிறாள்? சேலையா அங்கியா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது.

கேள்விக்கு விடை கண்ட ஒருவரும் இருக்கிறார். கல்கத்தா சியால்டா லொரேட்டோ பள்ளிக்கு 1979-இல் தலைமையேற்ற சகோதரி சிரில் மூனி, ரயில் நிலையத்தை ஒட்டிய நடைபாதைகளில் வாழ்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளியின் கதவைத் திறந்தார். 1985-இல் 'ரெயின்போ' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கட்டணம் செலுத்திப் படிக்கும் மாணவிகளே தெருப் பிள்ளைகளுக்கு ஆசிரியைகளாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். நாளடைவில் பள்ளியில் ஏறத்தாழப் பாதிப் பேர் கட்டணம் கட்டாத ஏழைக் குழந்தைகள் என்ற நிலை வந்தது. இந்திய அரசு 2007-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2023-இல் அவர் காலமானார். பாடமுறையில் அவர் செய்தது முழுப் புதுமை. நோக்கத்தில் அவர் செய்தது முழுப் பழமை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிய கயிறு ஏழைக் குழந்தை.

அதுபோல, கைவிட்டுவிட்டோமே என்று நான் வருந்துகிற பழைய வழக்கம் ஒன்றும் உண்டு. முன்பெல்லாம் மாலை நேரத்தில் சிஸ்டர்கள் இருவர் இருவராகக் குடை பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக வருவார்களாம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிப்பார்களாம். பள்ளிக்கு வராத பெண்ணை ஏன் அனுப்பவில்லை என்று தாயிடம் கேட்பார்களாம். பாட்டிமார் இதைச் சொல்லும்போது அவர்கள் முகமே மலர்ந்துவிடும். இன்று அலுவலகக் கோப்புகளும் இணையவழிப் பதிவேடுகளும் சிஸ்டர்களின் மாலைப்பொழுதை விழுங்கிவிட்டன. இந்தப் பழமை திரும்பி வர வேண்டும். நடந்து வர நேரமில்லையென்றால் ஸ்கூட்டரிலேயே வரட்டும்! வாயிலில் நின்று குறைகூறும் தாத்தாவும் அப்போது ஸ்கூட்டரை மன்னித்துவிடுவார்.

மரபும் புதுக் காலமும் நீதிமன்றத்திலும் மோதியதுண்டு; அது நம் தமிழ்நாட்டு வழக்கு. அரசு உதவி பெறும் பள்ளிகளில் பணிபுரியும் கன்னியருக்கும் குருக்களுக்கும் அரசு ஊதியம் தருகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஆகையால், அவர்கள் அதைத் தங்கள் சபைக்கே கொடுத்துவிடுகிறார்கள். பல பத்தாண்டுகளாக அந்த ஊதியத்தில் வருமான வரி பிடிக்கப்படாமல் இருந்தது. பின்னர் பிடித்தம் வந்தபோது சபைகள் வழக்குத் தொடுத்தன. வார்த்தைப்பாடு கொடுத்த கன்னி, திருச்சபைச் சட்டப்படி சொத்துரிமையைப் பொறுத்தவரை இறந்தவருக்குச் சமம். இல்லாதவருக்கு வருமானம் ஏது, வரி ஏது என்பது அவர்கள் வாதம். சென்னை உயர்நீதிமன்றம் 2019 மார்ச்சில் இதை ஏற்கவில்லை. 2024 நவம்பர் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் 90-க்கு மேற்பட்ட மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. ஊதியம் யாருடைய பெயரில் வருகிறதோ அவருக்கு வரி உண்டு. அதை அவர் பிறகு யாருக்குக் கொடுக்கிறார் என்பது வேறு செய்தி என்று முடிந்தது வழக்கு.

இதைக் கேட்டுச் சிலர் வருந்தினார்கள். சிலர் ஏளனமும் செய்தார்கள். என் கருத்து வேறு. உலகத்துக்கு இறந்தவர் என்ற பழைய சொல்லில் ஒரு பெரிய தியாகம் அடங்கியிருக்கிறது. அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, எட்டுப் பாடவேளை நின்று கற்பித்து, தேர்தல் வேலைக்கும் போய்வருகிற ஒரு சிஸ்டரை இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது? அவர் இருக்கிறார்! நாட்டின் குடிமகளாக, ஆசிரியையாக இருக்கிறார். வரி செலுத்துவதால் அவருடைய ஏழ்மை உடைந்துபோவதில்லை. மீதியை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதில்தான் அந்த ஏழ்மை விளங்கும். அந்தப் பணம் ஒரு ஏழை மாணவியின் கட்டணமாக மாறினால், அவருடைய வார்த்தைப்பாடு முன்னைவிட உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

கடைசியாக, மாற்றத்தை முடிவு செய்வது யார் என்ற கேள்வி. இது எல்லாவற்றிலும் கடினமானது. கன்னியர் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். ஆனால் வரலாறு காட்டுவது என்னவென்றால், நல்ல மாற்றங்கள் பெரும்பாலும் கன்னியர் உள்ளத்திலேதான் முதலில் முளைத்தன. இங்கிலாந்தில் பிறந்த மேரி வார்ட், அடைப்பு மடம் இல்லாமல் பெண்களுக்குக் கல்வி கொடுக்கும் சபையைத் தொடங்கினார். 1631-இல் ரோமாபுரி அச்சபையைக் கலைத்தது. அவரே மியூனிக் நகரத்து மடம் ஒன்றில் சிறைவைக்கப்பட்டார். 1909-இல்தான் அவரைச் சபை நிறுவியவர் என்று திருச்சபை வெளிப்படையாக ஏற்றது. அவர் காட்டிய வழியில் வந்ததே லொரேட்டோ சபை. அன்னை தெரேசாவும் சகோதரி சிரிலும் பயின்ற சபை. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் தண்டனைக்குரியதாக இருந்ததுதான் இன்று நாம் படிக்கிற கான்வென்ட்!

நம் மாநிலத்திலும் அப்படியொரு கதை உண்டு. பிரான்சிலிருந்து 1865-இல் மதுரை மறைபரப்பு நாட்டுக்கு வந்த அன்னை மேரி ஆஃப் தி பாஷன், சபைக்குள் எழுந்த கருத்து வேறுபாட்டால் 1876-இல் வெளியேற நேர்ந்தது. அவரோடு சேர்த்து 20 சகோதரிகள் உதகமண்டலத்துக்குப் போனார்கள். ஆனால் அவர் ஊரைக் கூட்டி முறையிடவில்லை. ரோமாபுரிக்கு நேரே போய்ப் பாப்பரசரிடம் தம் வழக்கைச் சொன்னார். 1877 ஜனவரி 6-ஆம் நாள் புதிய சபைக்கு அனுமதி கிடைத்தது. உதகையில் பிறந்த அந்தப் பிரான்சிஸ்கன் மரியின் மறைபரப்புச் சபை இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. 2002-இல் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

எல்லா வழக்கும் இப்படி இனிமையாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மாசற்ற இருதயச் சகோதரிகள், பொதுச்சங்கம் சொன்னபடி உடை, செப நேரம், ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றைத் தாங்களே சீர்திருத்த 1967-இல் முனைந்தார்கள். அந்நகர்க் கர்தினாலுக்கு அது உடன்பாடில்லை. இரு தரப்பும் இறங்கிவராமல், 1970-இல் ஏறத்தாழ 300 சகோதரிகள் வார்த்தைப்பாட்டிலிருந்து விலகினார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வயதும் இல்லை, அறிவும் இல்லை. ஆனால் இழப்பு யாருக்கு என்று சொல்ல முடியும். வகுப்பறையில் ஆசிரியை இல்லாமல் போன குழந்தைகளுக்குத்தான் இழப்பு. தலைவியர் சபையில் உள்ள எல்லோரையும் கலந்து பேசி, அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று பொதுச்சங்கத்தின் ஏடே சொல்லியிருக்கிறது. கேட்பதற்குக் காதும், காத்திருப்பதற்குப் பொறுமையும் இருந்தால் மாற்றம் பிளவில் முடியாது.

அந்தக் காது இப்போது ரோமாபுரியில் சற்று அகலத் திறந்திருக்கிறது. 2023 அக்டோபரில் நடந்த ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்களும் வாக்களித்தார்கள். அவர்களில் கன்னியரும் இருந்தார்கள். 2025 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ், உலகத் துறவியர் அனைவரையும் கவனிக்கும் திருப்பீடத் துறைக்குச் சகோதரி சிமோனா பிராம்பில்லாவைத் தலைவராக்கினார். அப்படிப்பட்ட துறைக்கு ஒரு பெண் தலைமையேற்பது அதுவே முதல் முறை. அதே ஆண்டு மார்ச்சில் வத்திக்கான் நகர ஆட்சியின் தலைமை, சகோதரி ரஃபாயெல்லா பெத்ரினியின் கைக்கு வந்தது. கன்னியரைப் பற்றிய முடிவுகளைக் கன்னியரே எடுக்கும் காலம் பிறந்துவிட்டது என்றே நான் மகிழ்கிறேன்.

ஆனால் முடிவெடுக்கக் கன்னியர் இருக்க வேண்டுமே! 1970-ஆம் ஆண்டளவில் உலகில் சுமார் 10 இலட்சம் கன்னியர் இருந்தார்கள். 2022-இல் அந்த எண் 6 இலட்சத்துக்கும் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. "அங்கியை விட்டதால் மதிப்புப் போயிற்று, ஆகையால் ஆள் சேரவில்லை" என்கிறார்கள் சிலர். "மாறாமல் இருப்பதால் ஆள் சேரவில்லை" என்கிறார்கள் வேறு சிலர். நான் பெற்றோரைக் கேட்கிறேன்: பக்கத்து வீட்டுப் பெண் மடத்துக்குப் போனால் "நல்ல அழைத்தல்" என்று மெச்சும் நாம், நம் வீட்டுப் பெண் கேட்டால் எத்தனை நாள் சாப்பிடாமல் இருப்போம்? ஒரு வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் என்றாகிவிட்ட காலத்தில் இது எளிதான கேள்வியன்று. ஆனாலும் தன் மகளைக் கொடுக்க மனமில்லாதவர்கள், பிறர் மகள் எந்த உடை உடுத்த வேண்டும், எந்த வண்டியில் போகக்கூடாது என்று கட்டளையிடுவது நியாயமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோழியருக்கும் ஒரு சொல். சிஸ்டர்களின் கண்டிப்பை எல்லாம் பழமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே ரிப்பன், ஒரே இரட்டைச் சடை என்பதால்தான், வரிசையில் நிற்கும்போது கடைக்காரர் மகள் யார், கூலிக்காரர் மகள் யார் என்று தெரியாமல் இருக்கிறது. இந்தப் பழைய கட்டுப்பாடு எளியவளின் பக்கம் நிற்கிறது. ஆகவே அது இருக்கட்டும். அதே சமயம் அருட்சகோதரிகளிடமும் ஒரு விண்ணப்பம்: காரணம் சொல்லிக் கண்டியுங்கள். காரணம் தெரிந்து கீழ்ப்படிகிற பெண்தான், நாளை காரணமில்லாத வழக்கத்தைப் பார்த்து ஏன் என்று கேட்கத் துணிவாள். மேரி வார்டும், அன்னா டெங்கலும், 1844-இல் ஏடு தூக்கிய நம் தமிழ்ப் பெண்களும் அப்படிக் கேட்டவர்கள்தாம்.

அங்கியோ சேலையோ, நடையோ ஸ்கூட்டரோ, தமிழோ ஆங்கிலமோ, இவை எல்லாம் பாதையில் மாறி மாறி வரும். போய்ச் சேர வேண்டிய வீடு ஒன்றே. அது ஏழையின் வீடு. அந்த வீட்டு வாசலில் நிற்கும் சிஸ்டரை, அவர் எந்த உடையில் வந்தாலும், நம் மக்கள் "கன்னியம்மா வாங்க" என்று பாய் விரித்து வரவேற்பார்கள். அந்த வாசலுக்கு வழி தெரிந்திருக்கும் வரை கன்னியர் மடத்துக்குப் பழமையாலும் கேடில்லை, புதுமையாலும் கேடில்லை.